காய்ச்சல்காரரைப் படுக்க விடுங்கள், அது நாமாக இருந்தாலும்!



ஐப்பசி அடைமழை பிடித்தது முதல் மாசிப் பனி விலகுகிற வரைக்கும் பெண்கள் பக்கங்களில் கஷாயக் குறிப்புகளுக்குக் குறைவே இருக்காது. சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை என்று ஒவ்வொரு சகோதரியும் தன் கைப்பக்குவத்தை எழுதுகிறார். நானும் ஆசையாகப் படிக்கிறேன், செய்தும் பார்க்கிறேன். தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவருக்கு வந்த ஃப்ளூ காய்ச்சல் வரிசையாக ஐந்து பேருக்கும் சுற்றி வராமல் தடுப்பது எப்படி? இதற்கு அந்தக் குறிப்புகளில் பதில் இல்லை. அஞ்சறைப் பெட்டியிலும் இல்லை. யாரைப் படுக்க விடுகிறோம், யாரைப் படுக்க விடாமல் விரட்டுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. இதுவே என் கருத்து. கொஞ்சம் விவரமாகவே எழுத அனுமதியுங்கள்.

ஒரு பிள்ளை இரண்டு முறை இருமிவிட்டால் போதும், வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். விசாரணை யாரிடம்? அம்மாவிடம்தான். "ராத்திரி தயிர் போட்டியா?" "ஈரத் தலையோட விட்டுட்டியா?" "ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருப்பே!" "பனியில ஏன் வெளியே விட்டே?" மாமியார் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம், போனில் நாத்தனார் ஒரு பக்கம். காய்ச்சல் என்னவோ நம் சமையலறையில் நாமே கிண்டி வைத்த மாதிரி!

உண்மையில் ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா என்ற வைரஸ் கிருமியால் வருவது. தயிர்ச் சாதத்தில் அது இல்லை. பனித்துளியிலும் இல்லை. ஏற்கெனவே ஃப்ளூ வந்த ஒருவர் இருமும்போதும் தும்மும்போதும், பேசும்போதுகூட, வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தெறிக்கிற நுண்ணிய துளிகளில் இருக்கிறது. நெரிசலான பஸ்ஸில், ஐம்பது பிள்ளைகள் அடைந்து கிடக்கும் வகுப்பறையில், ஜன்னலைச் சாத்திய டியூஷன் அறையில், கல்யாண மண்டபத்துப் பந்தியில் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுகிறது. மூக்கைத் துடைத்த கையால் தொட்ட கதவுப் பிடி, டிவி ரிமோட், செல்போன் இவற்றை நாம் தொட்டு, அதே கையை மூக்கிலோ கண்ணிலோ வைத்தாலும் ஒட்டும். கிருமி உள்ளே போன பிறகு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் காட்டும். ஆக, திங்கட்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட ஐஸ்கிரீமைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து இருமிய பிள்ளையிடமிருந்து வந்திருக்கலாம்.

சாதாரண ஜலதோஷத்துக்கும் ஃப்ளூவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜலதோஷம் மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், ஆனாலும் வேலை ஓடும். ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் நன்றாக இருந்தவரை மாலையில் அடித்துப் போட்ட மாதிரி ஆக்கிவிடும். குளிரோடு காய்ச்சல், தலைவலி, உடம்பு முழுக்க முறித்துப் போட்ட வலி, வறட்டு இருமல், எழுந்து நிற்க முடியாத அசதி. காய்ச்சல் சில நாளில் விட்டாலும் இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கும்.

இன்னொரு விஷயம். குளிர்காலம் என்று நாம் சொல்வது ஊருக்கு ஊர் வேறு. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவது ஜனவரி முதல் மார்ச் வரை, கடுங்குளிரில். நம்ம சென்னைப் பக்கமோ வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற அக்டோபர், நவம்பரிலேயே அது தலைதூக்கிவிடுகிறது. மழை என்றால் என்ன செய்கிறோம்? எல்லாரும் உள்ளே அடைந்துகொண்டு கதவு ஜன்னலைச் சாத்துகிறோம். கிருமிக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? அதனால் மார்கழிப் பனி வந்த பிறகு விழித்துக்கொள்வது நமக்குச் சரிப்படாது. தீபாவளிக்கு முன்பே தயாராக வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ளூ வந்தவர், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவருக்குக் கிருமியைப் பரப்பலாம். காய்ச்சல் தொடங்கிய பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பலாம். முதல் மூன்று, நான்கு நாள்தான் மிக அதிகம். சின்னப் பிள்ளைகள் இன்னும் கூடுதலான நாட்கள் பரப்புவார்கள். காய்ச்சல் வருவதற்கு முந்தைய அந்த ஒரு நாளை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் மற்ற நாட்கள் நம் கையில் இருக்கின்றன. அந்த நாட்களில் நாம் என்ன செய்கிறோம்?

பிள்ளைக்கு 101 டிகிரி அடிக்கிறது. ஒரு பாராசிட்டமால் கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் தலை வாரி, நெற்றியில் விபூதி இட்டு, ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறோம். மாத்திரையின் வேகம் தீர்கிற பதினோரு மணிக்குப் பிள்ளை வகுப்பில் தலையைக் கவிழ்த்துப் படுத்துக்கொள்கிறது. அதற்குள் பக்கத்துப் பெஞ்சு, பின் பெஞ்சு, வேனில் பக்கத்து சீட் எல்லாருக்கும் பங்கு போய்விட்டது. அடுத்த வாரம் அந்தத் தெருவில் நாலு வீட்டில் கஷாயம் கொதிக்கிறது. நாலு வீட்டு அம்மாவும் "தயிர் போட்டியா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்.

அம்மாக்களை மட்டும் இதற்குக் குறை சொல்ல மாட்டேன். ஏன் அனுப்புகிறோம் என்று பாருங்கள். பல பள்ளிகளில் ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் பரிசு தருகிறார்கள். பிள்ளை அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலை மறைக்கிறது. "அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல, நான் போறேன்" என்று கண் சிவக்கச் சொல்கிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வேறு. தேர்வு எழுதாவிட்டால் மார்க் போய்விடும் என்ற பயம். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற தவிப்பு. இத்தனையும் சேர்ந்துதான் காய்ச்சல் பிள்ளையை வேனில் ஏற்றுகிறது.

ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு சரியில்லாமல் வருவதற்குப் பரிசு கொடுப்பது என்ன நியாயம்? மருத்துவக் காரணத்துக்காக எடுத்த லீவைக் கணக்கில் சேர்க்காமல் அந்தப் பரிசைக் கொடுக்கலாமே? தேர்வு நாளில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, குணமான பிறகு தனியாக ஒரு நாள் தேர்வு வைக்கலாமே? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டுமா? இதையும் நாம் கேட்க வேண்டும். ஒரு அம்மா கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். பத்து அம்மாக்கள் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

வீட்டில் ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளலாம். மாத்திரை கொடுக்காமலே காய்ச்சல் இல்லாமல் முழுசாக 24 மணி நேரம் ஆன பிறகுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது. "மாத்திரை போட்டதும் இறங்கிடுச்சு" என்பது கணக்கில் சேராது. மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமியை இறக்காது.

பிள்ளைக்குச் சொன்னதே ஆபீஸ் போகிற கணவருக்கும். காய்ச்சலோடு வேலைக்குப் போவதை ஒரு வீரம் போலப் பேசுகிற ஆண்கள் நிறையப் பேர். "ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் போயிட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அவர் போன பஸ்ஸிலும், ஏசி போட்ட ஆபீஸ் அறையிலும் எத்தனை பேர் வீட்டுக்கு அந்த வீரம் போய்ச் சேர்ந்தது என்று யார் எண்ணியது? லீவு இருக்கிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் லீவு.

லீவே இல்லாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் அடுப்பு எரியாது. நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் வராவிட்டால் மூன்று நாள் சம்பளம் பிடிக்கிற வீடுகள் எத்தனையோ. அதனால் அவர் காய்ச்சலோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இருமிக்கொண்டே வருகிறார். நம் தம்ளரை, தட்டை, குழந்தையின் பால் பாட்டிலைக் கழுவுகிறார். அப்புறம் நம் வீட்டுக்கு ஃப்ளூ எப்படி வந்தது என்று ஆச்சரியப்படுகிறோம். "உடம்பு சரியாகிற வரைக்கும் வராதீங்கம்மா, சம்பளத்துல பிடிக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அவருக்கும் ஓய்வு, நம் வீட்டுக்கும் பாதுகாப்பு. டாக்டருக்கும் மருந்துக்கும் கொடுக்கிற பணத்தைப் பார்த்தால் அந்த மூன்று நாள் சம்பளம் ஒன்றுமே இல்லை. அதற்கும் மேலே, நாம் படுக்கிற உரிமை அவருக்கும் உண்டுதானே?

கடைசியாக நம்மிடம் வருகிறேன். வீட்டில் எல்லாரையும் படுக்க வைக்கிற நாம் எப்போது படுக்கிறோம்?

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா பார்த்துக்கொள்கிறாள். கணவருக்கு வந்தால் மனைவி பார்த்துக்கொள்கிறாள். மாமனார் மாமியாருக்கு வந்தால் மருமகள் பார்த்துக்கொள்கிறாள். அத்தனை பேரையும் பார்த்து முடித்து, அவளுக்கு வந்தால்? காலை நாலரை மணிக்கு எழுந்து மார்கழிக் கோலம் போட்டு, வெந்நீர் வைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, எல்லாரையும் அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு அரை மணி நேரம் தலை சாய்க்கிறாள். அதற்குள் காலிங் பெல் அடிக்கிறது. "அவளுக்கு ஒண்ணுமில்ல, லேசா உடம்பு சூடு" என்று வீட்டார் சொல்வார்கள். இந்த 'லேசா' என்ற வார்த்தை நமக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

இது இரக்கத்துக்காகச் சொல்வதில்லை. நன்றாக யோசித்துப் பாருங்கள். ஃப்ளூவோடு இருக்கிற ஒரு பெண், அந்த மூன்று நாலு நாளும் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் சோறு பிசைகிறாள், பிள்ளைக்கு ஊட்டுகிறாள், மாமியாருக்குக் கால் பிடித்துவிடுகிறாள், அடுப்படியில் இருமிக்கொண்டே பரிமாறுகிறாள். வீட்டில் அத்தனை பேரையும் தொடுகிற கை அவள் கைதான். ஆகவே அவள் படுத்தால்தான் வீடு பிழைக்கும். அவளுக்கே அதனால் ஆபத்து குறையும் என்பதும் உண்டு. ஓய்வில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகு நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட, முதல் நாளே பாயை விரிப்பது எவ்வளவோ மேல். கர்ப்பிணியாக இருந்தால் ஃப்ளூ சாதாரண விஷயமே அல்ல. முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்க்குக் காய்ச்சல் வந்தால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க் கட்டிக்கொண்டு கொடுத்தால் போதும்.

"நாங்க படுத்தா சமையல் யார் செய்வாங்க?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை நாம் ஏன் நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும்? சத்தமாக, கூடத்தில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்போம். சாதம் வைக்கவும், ஒரு மிளகு ரசம் வைக்கவும், அப்பளம் சுடவும் பத்தாம் வகுப்பு படிக்கிற பையனுக்கு முடியாதா? கணவருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாதா? தெரியாவிட்டால் மழைக்கு முன்பே, உடம்பு நன்றாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். காய்ச்சல் வந்த அன்றைக்குப் பாடம் எடுக்க முடியாது. பெண் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் நம் பாரத்தை அவள் தலையில் மாற்றி வைத்ததுதான் மிச்சம்.

சரி, படுத்தவரை எப்படிப் பார்த்துக்கொள்வது? தனி அறை இருந்தால் நல்லது. பெரும்பாலான வீடுகளில் ஒரே அறை, ஒரே கூடம்தான். பரவாயில்லை. காய்ச்சல்காரருக்கு ஜன்னல் ஓரமாக ஒரு மூலை ஒதுக்குங்கள், மற்றவர் பாயை நாலடி தள்ளிப் போடுங்கள். குளிர்கிறது என்றால் போர்வையைக் கூட்டுங்கள், ஜன்னலை முழுக்கச் சாத்தாதீர்கள். காற்று வந்து போனால்தான் கிருமி தேங்காது. கொசுவுக்குப் பயந்து சாத்துவதாக இருந்தால் வலை அடியுங்கள். சாத்திய அறைக்குள் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் புகைந்தால், இருமுகிறவருக்கு இருமல் கூடத்தான் செய்யும்.

அவருக்குத் தனித் துண்டு, தனித் தம்ளர், தனித் தட்டு. கேவலப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். சோப்புப் போட்டுத் தேய்த்தால் பாத்திரம் சுத்தமாகிவிடும். இருமும்போது முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து இருமச் சொல்லுங்கள். புடவைத் தலைப்பால் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டு, அதே தலைப்பால் இன்னொரு பிள்ளையின் முகத்தைத் துடைக்கிற பழக்கத்தை இந்தக் காலத்திலாவது விட்டுவிடலாம். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவினால், கிருமியின் மேல் இருக்கிற கொழுப்பு உறையே கரைந்து அது செத்துப்போகிறது. வெறும் தண்ணீரில் நனைத்து எடுப்பது போதாது. 2020-இல் கொரோனா வந்தபோது வாசலில் வாளியும் சோப்பும் வைத்தோம், மாஸ்க் கட்டினோம். அந்தப் பழக்கங்களை அந்தக் கிருமியோடு அனுப்பிவிட வேண்டியதில்லை. ஃப்ளூவுக்கும் அவை உதவும்.

பெரியவர்கள் சொல்கிற கைவைத்தியத்தை நான் தள்ளவில்லை. மிளகு ரசம், சுக்குமல்லிக் காபி, இளஞ்சூட்டில் கஞ்சி, பனங்கற்கண்டு போட்ட பால் எல்லாம் தொண்டைக்குச் சுகம். உடம்பில் நீர் குறையாமலும் பார்த்துக்கொள்ளும். சாப்பாடு இறங்காத பிள்ளைக்கு அதுதான் தெம்பு. ஆனால் அவற்றைக் குடித்துவிட்டால் கிருமி பரவாது என்று நம்பிப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது. இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவவே கூடாது. அதனால் கொடிய நோய் வர வாய்ப்பு உண்டு. சின்னப் பிள்ளைகளைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் முன் போர்வை மூடி ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்தால் காய்ச்சலைவிடப் பெரிய துன்பம்.

மருந்து விஷயத்தில் நம் கை ரொம்ப நீளம். போன தடவை மிச்சம் வைத்த மாத்திரை, பக்கத்து வீட்டார் கொடுத்த மாத்திரை, மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு ஒரு செட் கொடுங்க" என்று வாங்குகிற மாத்திரை. அந்தச் செட்டுக்குள் பல சமயம் ஆன்டிபயாடிக் இருக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் நாடு முழுக்க எச்3என்2 என்ற ஃப்ளூ பரவியபோது, இந்திய மருத்துவச் சங்கமே இப்படிப்பட்ட காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று டாக்டர்களையே கேட்டுக்கொண்டது. காய்ச்சல் மூன்று நாளில் விடும், இருமல் மூன்று வாரம் வரை நிற்கலாம் என்றும் அப்போது சொன்னார்கள். தேவையில்லாமல் தின்று பழகிய ஆன்டிபயாடிக், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும்போது கேட்காமல் போய்விடும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கலந்த மாத்திரையும் கூடாது. ஃப்ளூவோடு சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் பாதிக்கிற ரே சின்ட்ரோம் என்ற ஆபத்து உண்டு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நம்ம ஊரில் மழைக்காலக் காய்ச்சல் எல்லாம் ஃப்ளூ அல்ல. அதே அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் டெங்குவும் வருகிறது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி என்றால் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். டெங்கு இல்லை என்று தெரிகிற வரைக்கும் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம். கடும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

ஃப்ளூவிலும் சில அடையாளங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்வது, குழந்தை பால் குடிக்க மறுப்பது, எழுப்பினால் விழிக்காமல் சோர்ந்து கிடப்பது, காய்ச்சல் விட்டு மறுபடி கூடுதலாக அடிப்பது. இவற்றில் எது தெரிந்தாலும் ராத்திரி ஆனாலும் கிளம்பிவிட வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை, 65 வயது தாண்டிய பெரியவர், கர்ப்பிணி, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர் இவர்களுக்கெல்லாம் ஃப்ளூ என்று சந்தேகம் வந்ததுமே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. ஃப்ளூவுக்கென்று இருக்கிற மருந்து, காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பலன் தரும். "நாலு நாள் பார்ப்போம்" என்று இவர்கள் விஷயத்தில் இருந்துவிடக்கூடாது.

தடுப்பூசியைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள். ஃப்ளூ வைரஸ் அடிக்கடி உருவம் மாற்றிக்கொள்வதால் ஊசியை ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். ஆறு மாதம் நிரம்பிய குழந்தையிலிருந்து போடலாம், கர்ப்பிணிகளும் போடலாம். போட்டு இரண்டு வாரம் ஆன பிறகுதான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வரும். அதனால்தான் மழை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன். ஊசி போட்டால் ஃப்ளூவே வராது என்று சொல்ல மாட்டேன். வந்தாலும் ஆஸ்பத்திரி வரை போகிற ஆபத்தைக் குறைக்கும். எல்லாருக்கும் போட வசதி இல்லாவிட்டால், வீட்டில் வயதானவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தை இவர்களை முதலில் நினையுங்கள்.

சகோதரிகளே, இத்தனையும் எழுதியது உங்களுக்கு இன்னும் நாலு வேலை கூட்டுவதற்காக இல்லை. குடும்பத்தின் ஆரோக்கியம் முழுக்க முழுக்க இல்லத்தரசியின் கையில் என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃப்ளூ விஷயத்தில் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பள்ளிக்கூடத்தின் கையில், ஆபீஸ் மேலாளரின் கையில், லீவு போட மறுக்கிற கணவரின் கையில், சம்பளம் பிடிக்கிற நம் கையில் இருக்கிறது. அவரவர் பங்கை அவரவர் செய்யட்டும். மொத்தத்தையும் நம் அடுப்பின் மேல் ஏற்றி வைத்து, கொதிக்கவில்லை என்று நம்மையே கேட்பதை இனி ஏற்க வேண்டாம்.

அடுத்த மழைக்கு முன்பு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து ஒரே ஒரு சட்டம் போட்டுவிடுவோம்: காய்ச்சல் வந்தவர் யாராக இருந்தாலும் படுக்க வேண்டும், மற்றவர் அவர் வேலையைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கும் அதே சட்டம், அப்பாவுக்கும் அதே சட்டம், வேலைக்கார அம்மாவுக்கும் அதே சட்டம், நமக்கும் அதே சட்டம்.

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று நீங்களும் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, கும்பகோணம்.